மரியான் நோர்த்

மரியான் நோர்த் (அக்டோபர் 24, 1830 - ஆகஸ்ட் 30, 1890) இங்கிலாந்தைச் சேர்ந்த தாவர ஓவியரும் பயணியும் ஆவார். 1871 ஆம் ஆண்டுக்கும் 1885 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவர் ஆறு கண்டங்களில் பயணம் செய்து, அங்குள்ள காட்டுப்பூக்களையும் மரங்களையும் பயிர்களையும் அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். இவருடைய 832 ஓவியங்கள் இலண்டனை அடுத்த கியூ அரச தாவரவியல் பூங்காவில், இவரே தம் செலவில் கட்டிக் கொடுத்த காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் 900-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இடம்பெற்றுள்ளன.

நோர்த் தாவரவியலில் முறையான கல்வி பெற்றவர் அல்லர். தாவர நூல்களுக்கான விளக்கப்படங்களின் மரபு விதிகளையும் இவர் பெரும்பாலும் பின்பற்றவில்லை. ஆயினும், அறிவியலுக்கு அதுவரை தெரியாதிருந்த தாவரங்கள் சில இவருடைய ஓவியங்கள் வழியாக முதலில் கவனத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, ஓவியம் வரையப்பட்டு ஏறத்தாழ 145 ஆண்டுகளுக்குப் பின்னர், 2021 ஆம் ஆண்டில்தான் தனி இனமாகப் பெயரிடப்பட்டது.

இளமைக் காலம்

மரியான் நோர்த் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரெடெரிக் நோர்த் நிலவுடைமையாளர். ஹேஸ்டிங்ஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகப் பலமுறை இருந்தவர். செல்வக் குடும்பத்துப் பெண்கள் பலரைப் போலவே மரியானும் பள்ளிக் கல்வியைவிட வீட்டுக் கல்வியையே மிகுதியாகப் பெற்றார். முதலில் இசையில் ஈடுபாடு கொண்டு வாய்ப்பாட்டுப் பயின்றார். குரல் வளம் குன்றியதால் அதனைக் கைவிட்டு ஓவியத்தின்பால் திரும்பினார்.

தாயார் 1855 ஆம் ஆண்டில் காலமானார். தந்தையை விட்டுப் பிரிவதில்லை என்று தாயாருக்கு அளித்த வாக்கின்படி மரியான் அவருடனேயே வாழ்ந்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை. தந்தை 1865 ஆம் ஆண்டுத் தேர்தலில் தொகுதியை இழந்த பின்னர் இருவரும் எகிப்து, சிரியா முதலிய நாடுகளுக்கு நெடும்பயணம் மேற்கொண்டனர். இப்பயணங்களில் மரியான் நீர்வண்ண ஓவியங்கள் வரைந்து பழகினார்.

கியூ பூங்காவின் இயக்குநராக இருந்த வில்லியம் ஹூக்கர் தந்தையின் நண்பர். ஒருமுறை மரியான் அங்குச் சென்றபோது, பர்மாவைத் தாயகமாகக் கொண்ட அம்ஹெர்ஸ்டியா மரத்தின் தொங்கும் பூங்கொத்து ஒன்றை ஹூக்கர் அவருக்குக் கொடுத்தார். வெப்பமண்டல நாடுகளைக் கண்ணால் காண வேண்டும் என்ற விருப்பம் அப்பூவினால் வலுப்பெற்றது என மரியான் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

தந்தை 1869 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமானார். அப்போது மரியானுக்கு வயது 39. தந்தை விட்டுச் சென்ற செல்வம் அவருக்குப் பொருளாதார விடுதலையை அளித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் தனியே பயணம் புறப்பட்டார்.

ஓவியப் பயிற்சி

மலர் ஓவியராகப் பெயர் பெற்ற வாலன்டைன் பார்த்தொலொமியூ என்பவரிடம் நோர்த் சில பாடங்கள் கற்றார். அக்காலத்தில் பெண்களுக்கு ஏற்றதாகக் கருதப்பட்டது நீர்வண்ணமே. ஆனால் 1860களின் இறுதியில் ஆஸ்திரேலிய ஓவியர் ராபர்ட் டௌலிங் இவருக்கு எண்ணெய் வண்ணத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். அதன்பின் நோர்த் எண்ணெய் வண்ணத்தையே தம் ஊடகமாகக் கொண்டார்.

பயணங்கள்

நோர்த்தின் முதன்மையான பயணங்கள் வருமாறு:

1871-1872: கனடா, ஐக்கிய அமெரிக்கா, ஜமெய்க்கா
1872-1873: பிரேசில்
1875: டெனெரீஃப் தீவு
1875-1877: கலிபோர்னியா, ஜப்பான், சிங்கப்பூர், சரவாக், ஜாவா, இலங்கை
1877-1879: இந்தியா
1880-1881: சரவாக், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து
1882-1883: தென்னாப்பிரிக்கா
1883-1884: சீஷெல்ஸ்
1884-1885: சிலி

ஜமெய்க்காவும் பிரேசிலும்

1871 டிசம்பரில் ஜமெய்க்காவை அடைந்த நோர்த், கைவிடப்பட்ட பழைய தாவரவியல் தோட்டத்தில் இருந்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். பகல் முழுவதும் வெளியில் அமர்ந்து வரைவது, மழை வந்தால் வீட்டுக்குள் தொடர்வது என்ற நடைமுறையை அங்கேதான் இவர் வகுத்துக்கொண்டார். அடுத்து பிரேசிலில் ஓராண்டுக்கு மேல் தங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். இக்காலத்தின் பெரும்பகுதியை மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் உட்பகுதியில் கழித்தார்.

கலிபோர்னியா முதல் இலங்கை வரை

1875 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளை இவர் வரைந்தார். பல நூறு ஆண்டுகள் வளர்ந்த மரங்கள் மரச்சரக்குக்காக வெட்டி வீழ்த்தப்படுவதைக் கண்டு, தம் குறிப்புகளில் வருத்தத்துடன் பதிவு செய்தார். அங்குள்ள கரையோரச் செம்மரங்களின் பழங்காடுகளில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 5 விழுக்காடு மட்டுமே.

ஜப்பானில் கடுங்குளிரினால் மூட்டுவாதக் காய்ச்சலுக்கு உள்ளான இவர், 1876 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வழியாகப் போர்னியோ தீவின் சரவாக் நாட்டுக்குச் சென்றார். அப்போது சரவாக்கை ஆண்டவர் சார்ல்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர். நோர்த் அவருடைய விருந்தினராகத் தங்கி, மத்தாங் குன்றின் மழைக்காட்டில் வரைந்தார்.

அங்கிருந்து ஜாவா சென்ற நோர்த், பின்னர் இலங்கையை அடைந்தார். பேராதனை தாவரவியல் பூங்காவில் வரைந்ததுடன், களுத்துறையில் வாழ்ந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் வீட்டிலும் தங்கினார். கேமரன் இவருக்குத் தளர்ந்த கம்பளி ஆடை உடுத்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, நண்பகல் வெயிலில் தென்னை ஓலைகளின் முன் நிறுத்திப் படம் எடுத்தார். நோர்த் ஓவியத் தாங்கியின் முன் அமர்ந்திருக்கும் படமும் அப்போது எடுக்கப்பட்டதே ஆகும்.

இந்தியா

1877 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நோர்த் மீண்டும் கப்பல் ஏறி, இலங்கை வழியாகத் தூத்துக்குடியில் வந்திறங்கினார். மதுரை, தஞ்சாவூர், திருவாங்கூர் ஆகிய பகுதிகளைப் பார்த்துவிட்டு வடக்கே சென்றார். ஆக்ரா, நைனிடால், சிம்லா, டார்ஜீலிங், ஜெய்ப்பூர், உதய்ப்பூர் முதலிய இடங்களில் தங்கி, 1879 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடு திரும்பினார். இந்தியாவில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். இவற்றில் தாவரங்களோடு கோயில்கள், அரண்மனைகள், இமயமலைக் காட்சிகள் ஆகியவையும் அடங்கும்.

தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவரும் அங்குள்ள அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவருமான ஆர்தர் கோக் பர்னல் இவருடைய நண்பர். இந்துக்கள் புனிதமாகக் கருதும் தாவரங்களை வரையுமாறு பர்னல் இவரைத் தூண்டினார். தாமரை, வில்வம் போன்றவற்றை நோர்த் வரைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒரு தாவரம் மக்களின் வழிபாட்டிலும் மருத்துவத்திலும் பெற்றுள்ள இடமும் அதனைப் பற்றிய செய்தியே என்ற நோக்கு இவ்வோவியங்களில் தெரிகிறது.

நோர்த் தென்னிந்தியாவில் பயணம் செய்த காலம், சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்களைப் பலிகொண்ட 1876-1878 பெரும்பஞ்சத்தின் காலமாகும். அப்பஞ்சம் இவருடைய ஓவியங்களின் பொருளாக அமையவில்லை.

ஆஸ்திரேலியா

1880 ஆம் ஆண்டில் நோர்த் சார்ல்ஸ் டார்வினைச் சந்தித்தார். ஆஸ்திரேலியாவின் தாவரங்கள் பிற நாடுகளின் தாவரங்களிலிருந்து பெரிதும் வேறுபட்டவை என்றும், அவற்றைக் காணாமல் உலகத் தாவரங்களை வரைந்து முடித்ததாகக் கொள்ள முடியாது என்றும் டார்வின் கருத்துத் தெரிவித்தார். இதனை அரச கட்டளையாகவே ஏற்றுக்கொண்ட நோர்த், அதே ஆண்டில் புறப்பட்டார்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி என்ற துறைமுக நகரில், காட்டுப்பூக்களை நீர்வண்ணத்தில் வரைந்து வந்த எல்லிஸ் ரோவன் (1848-1922) என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணியை நோர்த் சந்தித்தார். தாம் டௌலிங்கிடம் கற்ற எண்ணெய் வண்ண முறையை ரோவனுக்குக் கற்றுக்கொடுத்தார். 1881 ஆம் ஆண்டில் நாடு திரும்பியதும் தம் ஆஸ்திரேலிய ஓவியங்களை டார்வினிடம் காட்டினார். டார்வின் அதற்கடுத்த ஆண்டில் காலமானார்.

இறுதிப் பயணங்கள்

தென்னாப்பிரிக்காவில் புரோட்டியா முதலிய தனித்தன்மை வாய்ந்த காட்டுப்பூக்களை நோர்த் வரைந்தார். சீஷெல்ஸ் தீவுகளில் இரட்டைத் தேங்காய் மரத்தையும், அத்தீவுகளுக்கே உரிய வேறு மரங்களையும் வரைந்தார். அங்குப் பெரியம்மை பரவியதால் ஒரு சிறு தீவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டார். அப்போது அவருடைய உடல்நலமும் மனநலமும் பாதிக்கப்பட்டன. அதன் பின்னரும், அரவுகாரியா மரங்களை அவற்றின் தாயகத்தில் வரைய வேண்டும் என்பதற்காக 1884 ஆம் ஆண்டில் சிலிக்குச் சென்றார். இதுவே இவருடைய கடைசிப் பெரும்பயணம். சிலி அரவுகாரியா இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அருகிவரும் இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

தாவர விளக்கப்படமும் நோர்த்தின் முறையும்

நோர்த்தின் ஓவியங்கள் எவ்வகையில் வேறுபட்டவை என்பதை அறிய, தாவர விளக்கப்படம் எதற்காக வரையப்படுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு தாவரத்தைப் பிடுங்கி, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி வைப்பதே தாவரவியலாளரின் அடிப்படைச் சான்று ஆகும். இவ்வாறு பாடம் செய்த தாவரங்களைச் சேமித்து வைக்கும் இடம் உலர்தாவரகம் எனப்படும். உலர்ந்த தாவரத்தில் இலையமைப்பும் நரம்பமைப்பும் நிலைத்திருக்கும். ஆனால் நிறம் மங்கிவிடும். சதைப்பற்றுள்ள பகுதிகள் சுருங்கிவிடும். பூவின் முப்பரிமாண வடிவம் தட்டையாகிவிடும். இக்குறையை நிறைவு செய்வதே விளக்கப்படத்தின் பணி.

இதற்கென ஒரு மரபு உருவாகியிருந்தது. அதன் முக்கியக் கூறுகள்:

வெண்ணிறப் பின்னணியில், தாவரத்தை அதன் சூழலிலிருந்து பிரித்துக் காட்டுதல்.
அல்லிவட்டம், மகரந்தத்தாள்கள், சூலகம், விதை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தும் வெட்டியும் பெரிதாக்கியும் வரைதல்.
பூச்சி அரித்த இலை, காற்றில் ஒடிந்த கிளை போன்ற தற்செயலான குறைகளை விட்டுவிட்டு, அந்த இனத்துக்குப் பொதுவான வடிவத்தைக் காட்டுதல்.
அளவு விகிதத்தைச் சரியாகப் பேணுதல்.

கியூவின் முதன்மை விளக்கப்பட ஓவியராக 1877 ஆம் ஆண்டு வரை பணியாற்றிய வால்டர் ஹுட் ஃபிட்ச் இம்மரபில் தலைசிறந்தவர். உலகின் பல பகுதிகளிலிருந்து கியூவுக்கு வந்து சேர்ந்த தாவரங்களை அவர் ஆயிரக்கணக்கில் வரைந்தார். தாவரங்கள் ஓவியரை நாடி வந்தன.

நோர்த் இதற்கு மாறாகத் தாமே தாவரங்களை நாடிச் சென்றார். இவருடைய ஓவியங்களில் வெண்பின்னணி கிடையாது. ஒரு பூ முன்னால் பெரிதாக நிற்க, அதன் பின்னே அது வளரும் மலைச்சரிவு, சதுப்புநிலம் அல்லது கடற்கரை தெரியும். அருகில் வளரும் பிற செடிகளும், பூவை நாடி வரும் வண்ணத்துப்பூச்சிகளும் பறவைகளும் இடம்பெறும். மகரந்தத்தாள்களையும் சூலகத்தையும் பிரித்துக் காட்டும் படங்கள் இல்லை. பெரும்பாலும் தாளில் அல்லது அட்டையில், விரைவாக, ஓரிரு நாள்களில் ஒவ்வோர் ஓவியத்தையும் முடித்தார்.

இம்முறையில் ஓர் இழப்பும் ஓர் ஆதாயமும் உண்டு. பூவின் உள்ளுறுப்புகளை எண்ணி இனத்தை உறுதிசெய்ய விரும்பும் தாவரவியலாளருக்கு இவ்வோவியங்கள் போதிய தகவல் தருவதில்லை. ஆனால் அத்தாவரம் எத்தகைய மண்ணில், எவ்வளவு வெளிச்சத்தில், எந்தச் செடிகளுடன் சேர்ந்து வளர்ந்தது என்பதை உலர்தாவரத் தாளும் வெண்பின்னணிப் படமும் காட்டுவதில்லை. அன்றைய ஒளிப்படங்கள் பெரும்பாலும் ஒற்றை நிறத்தில் இருந்தமையால், வெப்பமண்டலச் சூழல் ஒன்றினை நிறத்தோடு பதிவு செய்ய ஓவியமே சிறந்த வழியாக இருந்தது. உயிரினங்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் சூழலியல் தனித்துறையாக வளர்ந்தது பெரும்பாலும் நோர்த்தின் காலத்துக்குப் பின்னரே என்பது குறிப்பிடத்தக்கது.

கியூ காட்சியகம்

1879 ஆம் ஆண்டு கோடையில் நோர்த் தம் ஓவியங்களை இலண்டனில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கியூவின் அப்போதைய இயக்குநர் ஜோசப் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் ஓவியங்கள் அனைத்தையும் கியூவுக்கு அளிப்பதாகவும், அவற்றை வைப்பதற்கான கட்டடத்தையும் தம் செலவிலேயே கட்டித் தருவதாகவும் அதில் தெரிவித்தார். ஹூக்கர் இதனை ஏற்றுக்கொண்டார்.

பூங்காவைச் சுற்றிப் பார்த்துக் களைத்து வருவோருக்குத் தேநீரும் காப்பியும் வழங்க வேண்டும் என்ற நோர்த்தின் விருப்பத்துக்கு மட்டும் இசைவு கிடைக்கவில்லை. அதற்கு ஈடாகக் காட்சியகத்தின் கதவையொட்டித் தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் வரைந்து வைத்தார்.

கட்டடத்தை வடிவமைத்தவர், இந்தியக் கட்டடக்கலை குறித்து ஆராய்ந்து நூல் எழுதிய ஜேம்ஸ் ஃபெர்கசன். சுவர்களின் மேற்பகுதியில் அமைந்த சாளரங்கள் வழியாக வெளிச்சம் உள்ளே வரும். சுவர்களில் ஓவியங்கள் இடைவெளியின்றி, ஒன்றையொன்று ஒட்டியவாறு, நாடுகளின் அடிப்படையில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குக் கீழே, நோர்த் தம் பயணங்களில் சேகரித்த 246 வகை மரங்களின் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஓவியங்களை அடுக்கும் பணியை நோர்த் தாமே செய்தார். தாவரங்களின் பெயர்களைச் சரிபார்த்துப் பட்டியலைத் தொகுத்தவர் தாவரவியலாளர் போட்டிங் ஹெம்ஸ்லி.

காட்சியகம் 1882 ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆப்பிரிக்கா, சீஷெல்ஸ், சிலி ஆகிய இடங்களின் ஓவியங்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. நூறாண்டுகளுக்கும் மேலான ஈரக்கசிவினாலும் வெப்ப மாற்றங்களினாலும் கட்டடமும் ஓவியங்களும் பழுதடைந்தன. 2008 ஆம் ஆண்டு முதல் விரிவான சீரமைப்புப் பணி நடைபெற்றது. காட்சியகம் 2009 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

நோர்த்தின் பெயர் தாங்கிய தாவரங்கள்

நெப்பந்தசு நோர்த்தியானா: சரவாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் குடுவைத் தாவரம். குடுவையில் விழும் பூச்சிகளைச் செரித்துச் சத்தைப் பெறும் இயல்புடையது. குன்றிலிருந்து வேறொருவர் கொண்டு வந்து கொடுத்த கொடியைப் பார்த்து நோர்த் 1876 ஆம் ஆண்டில் இதனை வரைந்தார். இலண்டனில் அவ்வோவியத்தைக் கண்ட வீச் நாற்றுப்பண்ணையினர், சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற சேகரிப்பாளரைச் சரவாக்குக்கு அனுப்பி அத்தாவரத்தைக் கண்டெடுத்தனர். 1881 ஆம் ஆண்டில் இது புதிய இனமாக வெளியிடப்பட்டது.

நோர்த்தியா: சீஷெல்ஸ் தீவுகளுக்கு உரிய, இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த மரப் பேரினம். ஜோசப் ஹூக்கர் 1884 ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார்.

நிபோபியா நோர்த்தியே: தென்னாப்பிரிக்காவின் மலைப்பகுதிகளில் வளரும் செடி. 1889 ஆம் ஆண்டில் பெயரிடப்பட்டது.

கிரைனம் நோர்த்தியானம்: போர்னியோவில் நோர்த் வரைந்த விஷமூங்கில் வகைச் செடிக்கு இடப்பட்ட பெயர். இது தனி இனமன்று என்று இன்று கருதப்படுகிறது.

ஓவியத்திலிருந்து அறியப்பட்ட இனம்

நோர்த் 1876 ஆம் ஆண்டில் மத்தாங் காட்டில் வரைந்த ஓர் ஓவியத்தில், பல செடிகளுக்கு நடுவே நீலநிறக் கனிகளைக் கொண்ட செடி ஒன்று காணப்படுகிறது. இச்செடி இன்னதென்று நீண்ட காலம் சரியாக அடையாளம் காணப்படவில்லை. தாவர விளக்கப்பட ஓவியரான தியான்யி யூ இதனை ஆராயத் தொடங்கி, கியூவின் உலர்தாவரகத்தில் சரவாக்கிலிருந்து வந்த தாவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓவியத்திலுள்ள செடியோடு பொருந்தும் உலர்தாவரம் ஒன்று பெயரிடப்படாமல் அங்கே இருந்தது. இது காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த புதிய இனம் என்று உறுதியானது. 2021 ஆம் ஆண்டில் இதற்குச் சசாலியா நோர்த்தியானா என்று பெயரிடப்பட்டது.

ஓவியத்தை மட்டும் கொண்டு இனத்தை உறுதிசெய்ய முடியவில்லை. உலர்தாவரச் சான்று தேவைப்பட்டது. அதே வேளையில், அந்த உலர்தாவரத்தைத் தேடிப் பார்க்கத் தூண்டியது ஓவியமே ஆகும். உலர்ந்தபின் எஞ்சாத கனியின் நீலநிறம் ஓவியத்தில் பதிவாகியிருந்தது. தாவரத்துக்குரிய பெயர் நோர்த்துக்குத் தெரியவில்லை. ஆனால் கண்டதைக் கண்டவாறு வரைந்திருந்தார். பெயர் தெரிந்த தாவரங்களை மட்டும் தேர்ந்து வரைந்திருந்தால் இப்பதிவு கிடைத்திருக்காது.

குடியேற்ற ஆட்சியின் பின்னணி

நோர்த்தின் பயணங்கள் பிரித்தானியப் பேரரசு பரந்திருந்த காலத்தில் நிகழ்ந்தவை. ஆளுநர்களுக்கும் உயர் அலுவலர்களுக்கும் எழுதப்பட்ட அறிமுகக் கடிதங்களுடன் சென்றமையால் அரசு மாளிகைகளிலும் தோட்ட உரிமையாளர்களின் வீடுகளிலும் இவருக்கு இடம் கிடைத்தது. இவர் வரைந்தவற்றுள் காட்டுப்பூக்களோடு காப்பி, தேயிலை, சாதிக்காய், சிங்கோனா போன்ற வணிகப் பயிர்களும் உள்ளன. இப்பயிர்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டு சென்று பரப்புவதில் கியூ பூங்காவுக்குப் பெரும்பங்கு இருந்தது.

நோர்த் தனியே பயணம் செய்தவர் என்று கூறப்படுவது வழக்கம். ஐரோப்பியத் துணை எவரும் உடன் செல்லவில்லை என்ற பொருளில் அது சரியே. ஆனால் சுமை தூக்குவோர், படகோட்டிகள், வண்டியோட்டிகள், சமையற்காரர்கள், காட்டுவழி அறிந்த உள்ளூர் மக்கள் ஆகியோரின் உழைப்பின்றி இப்பயணங்கள் நடந்திருக்க முடியாது. பூக்கள் எங்கே கிடைக்கும் என்பதை அறிந்திருந்தவர்களும் பலநேரங்களில் அவர்களே. நெப்பந்தசு நோர்த்தியானா என்ற பெயரில் ஓவியரின் பெயர் நிலைத்துள்ளது. காட்டில் ஏறிக் கொடிகளைச் சுமந்தவர்களின் பெயர்கள் தாவரப் பெயர்களில் இடம்பெறவில்லை.

மதிப்பீடு

நோர்த்தின் பணியைத் தாவரவியலாளர்களும் கலை விமர்சகர்களும் வெவ்வேறு வகையில் மதிப்பிட்டுள்ளனர். வேகமாக அழிந்துவரும் இயற்கைக் காட்சிகளை இவ்வோவியங்கள் வருங்காலத்துக்குப் பாதுகாத்து வைக்கும் என ஜோசப் ஹூக்கர் கருதினார். மறுபுறம், தாவர விளக்கப்படக் கலையின் வரலாற்றை 1950 ஆம் ஆண்டில் நூலாக எழுதிய வில்பிரிட் பிளண்ட், தாவரவியலாளர்கள் நோர்த்தை ஓவியராகக் கருதினாலும் ஓவியர்கள் அதனை ஒப்புக்கொள்வது அரிது என்ற கருத்தை வெளியிட்டார். வண்ணங்களைக் கையாளுவதில் நுட்பம் குறைவு என்பது அவருடைய குறை.

இவ்விரு கருத்துகளும் ஓவியங்களைத் தனித்தனியே நோக்கி எழுந்தவை. நோர்த் ஓவியங்களைத் தனித்தனியே விற்கவில்லை என்பதையும், அவற்றைப் பிரிக்காமல் ஒரே கூடத்தில், நாடுவாரியாக, தாவரப் பட்டியலுடன் வைத்தார் என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். வெளிநாடு செல்ல வாய்ப்பில்லாத பொதுமக்கள் உலகத் தாவரங்களை ஓரிடத்தில் காண்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. காட்சியகம் முழுவதும் சேர்ந்ததே அவருடைய படைப்பு எனலாம்.

பெண்கள் அறிவியல் அமைப்புகளில் உறுப்பினராக இயலாதிருந்த காலம் அது. இலண்டன் லின்னேயன் கழகம் 1904 ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகப் பெண்களைத் தெரிவு செய்தது. நோர்த்துக்கு அரச விருது எதுவும் வழங்கப்படவில்லை. 1884 ஆம் ஆண்டில் விக்டோரியா அரசி, இவருக்கு அளிப்பதற்கேற்ற பட்டம் இல்லாமைக்கு வருந்தித் தம் கையொப்பமிட்ட ஒளிப்படத்தை அனுப்பினார்.

பிற பெண் பயண ஓவியர்கள்

மரியா சிபில்லா மெரியன் (1647-1717): செருமனியில் பிறந்தவர். 1699 ஆம் ஆண்டில் தம் மகளுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குச் சென்று, பூச்சிகளையும் அவை உண்ணும் செடிகளையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்தார். இவருடைய சுரினாம் நூல் 1705 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எல்லிஸ் ரோவன் (1848-1922): ஆஸ்திரேலியா, நியூ கினி ஆகிய இடங்களின் காட்டுப்பூக்களையும் பறவைகளையும் வரைந்தவர். ஆஸ்திரேலிய அரசு 1923 ஆம் ஆண்டில் இவருடைய 947 ஓவியங்களை வாங்கியது.

மேரி வாக்ஸ் வால்கொட் (1860-1940): ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்தவர். கனடாவின் ராக்கி மலைகளில் பல கோடைகாலங்களைக் கழித்துக் காட்டுப்பூக்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். 400 படங்கள் அடங்கிய இவருடைய வட அமெரிக்கக் காட்டுப்பூக்கள் நூல் 1925 ஆம் ஆண்டு முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தால் ஐந்து தொகுதிகளாக வெளியிடப்பட்டது.

மார்கரெட் மீ (1909-1988): இங்கிலாந்தில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்தவர். அமேசான் காட்டில் பல பயணங்கள் மேற்கொண்டு அங்குள்ள பூக்களை வரைந்தார். காடழிப்புக்கு எதிராகவும் குரல் கொடுத்தார்.

இறுதிக் காலம்

சிலியிலிருந்து திரும்பிய பின் நோர்த்தின் உடல்நிலை மிகவும் தளர்ந்தது. செவிப்புலனும் குன்றியது. 1886 ஆம் ஆண்டில் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தின் ஆல்டர்லி என்ற சிற்றூரில் குடியேறினார். உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த செடிகளைக் கொண்டு அங்கு ஒரு தோட்டத்தை அமைத்தார். 1890 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தம் 59 ஆவது வயதில் அங்கேயே காலமானார்.

இவர் எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்புகளைத் தங்கை காதரின் சைமண்ட்ஸ் தொகுத்து 1892 ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். முந்தைய பயணங்கள் பற்றிய குறிப்புகள் அடங்கிய மற்றொரு தொகுதி 1893 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓவியங்களில் காணப்படும் இடங்களுக்கு நோர்த் எப்போது, எவ்வாறு சென்றார் என்பதை அறிய இந்நூல்களே முதன்மையான ஆதாரமாக விளங்குகின்றன.